3 வருசம் நிண்ட அப்பாட ஸ்ப்ளென்டர்: சோக் போட்டா ஓடுது, எடுத்தா நிண்டுபோகுது

செம்பருத்தி_திருமலை:

வணக்கம் எல்லாருக்கும். நான் திருகோணமலை, உப்புவெளிப் பக்கம். அப்பாட ஹீரோ ஹொண்டா ஸ்ப்ளென்டர் ஒண்டு 2022ல இருந்து வீட்டுத் தாவாரத்துக்குள்ள நிக்குது. அந்த வருசம் நடுவில பெற்றோல் லீற்றர் 470 ரூபா போன நேரம், காசு குடுத்தாலும் கிடைக்காத நேரம், அப்பா ரெண்டு நாள் பெற்றோல் செட்டில கியூவில நிண்டு அடிச்சவர். அடிச்சுக்கொண்டு வந்து, இது அவசரத்துக்கு, இரவில ஆரையும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போக வேணும் எண்டா மட்டும் எண்டு சொல்லி சீலை போட்டு மூடி வச்சவர். பிறகு க்யூஆர் கோட் பங்கீடு வந்து கிழமைக்கு 4 லீற்றர் கிடைக்கத் தொடங்கியும் அவர் அதை எடுக்கேல்ல. அதுக்குள்ள அவருக்குப் பாரிசவாதம் வந்து இடது பக்கம் ஏலாமப் போச்சு, பைக்கும் அப்பிடியே நிண்டிட்டு.

இப்ப எனக்கு லைசன்ஸ் கிடைச்சிருக்கு, வேலை குச்சவெளிப் பக்கம், போக 30 கிலோமீற்றர் கிட்ட வரும். பஸ்ஸப் பாத்து நிண்டு நிண்டு களைச்சுப் போனன். அதால போன மாசம் பைக்க வெளியில எடுத்தம்.

பிரச்சினை இதுதான். சோக்க முழுசா இழுத்து ஏழெட்டுத் தரம் உதைச்சா ஸ்டார்ட் வருது, ரெண்டு நிமிசம் நல்லா ஓடுது, சோக்கக் கொஞ்சம் கீழ விட்ட உடன பொப் பொப் எண்டு ரெண்டு சத்தம் போட்டு நிண்டுபோகுது. எக்சலேற்றரக் கொஞ்சம் முறுக்கிப் பிடிச்சுக்கொண்டு இருந்தா நிக்காது. ஆனா சடாரெண்டு முறுக்கினா இருமுற மாதிரி ஒரு இழுப்பு, சைலன்சருக்குள்ள வெடிச் சத்தம். அரைவாசிக்கு மேல முறுக்கினா ஒரு பிரச்சினையும் இல்ல, பழைய மாதிரியே இழுக்குது. அதுதான் எனக்கு விளங்காத விசயம், வேகமா ஓடுற எஞ்சின் ஏன் மெதுவா ஓட மாட்டன் எண்டுது?

ஒரு கராஜுக்குக் கொண்டு போனம். பிளக் மாத்தினாங்க, காபரேற்றருக்கு (பெற்றோலையும் காத்தையும் கலந்து எஞ்சினுக்கு விடுற சாமான்) வெளியால ஏதோ ஸ்பிறே அடிச்சாங்க, ஸ்லோ ஸ்க்ரூவ (முறுக்காத நேரம் எஞ்சின் ஓடுற வேகத்தை வைக்கிற ஸ்க்ரூ) ஏத்தி விட்டாங்க, 4500 ரூபா எடுத்தாங்க. வீட்ட வரேக்க நிக்காமத்தான் வந்தது. ஆனா சிக்னல்ல நிண்டா எஞ்சின் கத்திக்கொண்டு நிக்குது, பிரேக் பிடிச்சாலும் தள்ளுது, ரெண்டு நாளால திரும்ப அதே கதை. காபரேற்றர் முடிஞ்சுது, புதுசு வாங்கிக்கொண்டு வாங்க எண்டு இப்ப சொல்றாங்க.

புது பிளக்கக் கழட்டிப் பாத்தன், நுனி சுண்ணாம்பு மாதிரி வெள்ளையா இருக்கு. டேங்கில அரைவாசிக்கு அப்பா அடிச்ச அந்தப் பழைய பெற்றோல் இன்னும் கிடக்கு. அதுக்கு மேல புதுசு ரெண்டு லீற்றர் விட்டிருக்கிறம். அதை வெளியில ஊத்த அப்பாக்கு மனமில்ல, உண்மையச் சொன்னா எனக்கும் மனமில்ல. புதுப் பெற்றோல் கலந்தா சரிவராதா? காபரேற்றர் மாத்தத்தான் வேணுமா? தெரிஞ்ச ஆக்கள் சொல்லுங்க.


நிலாவெளிக்_காத்து:

தம்பி எனக்கும் இதே பிரச்சினை பல்சர்ல வந்தது, ரெண்டு மூண்டு தரம் கழுவிப் பாத்தும் சரிவரேல்ல, கடைசியில புதுக் காபரேற்றர் ஒண்டு வாங்கிப் போட்டன், அண்டைக்கே சரி. டவுன்ல பாட்ஸ் கடையளில இருக்கு. கழுவிக் கழுவி நேரத்த வீணாக்காதீங்க.


ஓர்ஸ்ஹில்_ஸ்பானர்:

அவசரப்பட்டு வாங்காதீங்க. பைக்கோட வந்த காபரேற்றர எறிஞ்சுபோட்டு கடையில இருக்கிற கொப்பி சாமான வாங்கிப் போட்டா இப்ப ஓடும், ஆனா பல கொப்பியளில ஜெற் (பெற்றோல் வாற சின்ன ஓட்டை உள்ள பித்தளைச் சாமான்) அளவு சரியில்ல, ஒண்டு பெற்றோல் குடிக்கும், இல்லாட்டி எஞ்சின் சூடாகும். 30 வருசத்துக்கு மேல இந்தச் சாமானோட நிக்கிறன். ஸ்ப்ளென்டர் காபரேற்றர் உடைஞ்சால் ஒழிய முடிஞ்சுது எண்டு நான் சொல்ல மாட்டன்.

நீங்க எழுதினதிலயே விடை கிடக்கு. வேகமா ஓடுது, மெதுவா ஓட மாட்டுது எண்டீங்களே, அதுக்குக் காரணம் காபரேற்றருக்குள்ள பெற்றோல் வாறதுக்கு ஒரு வழி இல்ல, மூண்டு வழி. எக்சலேற்றர் முறுக்காம இருக்கேக்கயும் கால்வாசி வரைக்கும் முறுக்கேக்கயும் பெற்றோல் பைலட் ஜெற்றுக்குள்ளால வரும். நடுவில ஊசியும் அது இறங்குற குழாயும் வேலை செய்யும். முழுசா முறுக்கினா மெயின் ஜெற். உங்கடதில நடுவும் முழுசும் சரி, முதல் கால்வாசிதான் செத்துப்போய்க் கிடக்கு. அப்ப அடைச்சிருக்கிறது பைலட் ஜெற், இல்லாட்டி அதில இருந்து போற ஊசித்துவாரப் பாதை. வேற எங்கயும் தேட வேண்டாம், முதல்ல அங்க போங்க.

சோக் ஏன் காப்பாத்துது எண்டும் சொல்லுறன். பெற்றோல் சரியா எரிய 1 கிராமுக்கு 14.7 கிராம் காத்து வேணும். பெற்றோல் குறைஞ்சு காத்துக் கூடினா பத்தாது, பத்தினாலும் ஒழுங்கா எரியாது, மிச்சம் சைலன்சருக்குள்ள போய் வெடிக்கும். சோக் போட்டா காத்து வாற வாயை மூடுறீங்க, அப்ப எஞ்சின் உறிஞ்சுற இழுவை கூடி மற்ற வழியாலயும் பெற்றோல் வந்திடும். பிளக் வெள்ளையா இருக்கிறதும் இதையேதான் சொல்லுது. பெற்றோல் கூடிப்போனா பிளக் கரிபிடிச்சுக் கறுப்பா இருக்கும்.

கராஜ்காரர் ஸ்லோ ஸ்க்ரூவ ஏத்தினது மருந்து இல்ல, மறைப்பு. அந்த ஸ்க்ரூ, முறுக்கேக்க மேல ஏறுற சிலைடைக் கொஞ்சம் தூக்கிப் பிடிக்கும், அப்ப நடு வழியில இருந்து பெற்றோல் வரத் தொடங்கும், அதாலதான் நிக்காம வந்தது, அதாலதான் கத்துது. சிக்னல்ல பைக் தள்ளிக்கொண்டு நிக்கிறது ஆபத்து தம்பி, அப்பிடியே ஓடித் திரியாதீங்க.

ஏன் பைலட் மட்டும் அடைக்குது? ஓட்டை அவ்வளவு சின்னன். ஒரு மில்லிமீற்றர மூண்டாப் பிரிச்சா அதில ஒரு பங்கு கிட்டத்தான் வரும். பெற்றோல் நிண்டா முதல்ல அதில லேசான பகுதி பறந்திடும், மிஞ்சுறது தடிச்சு, பிசின் மாதிரி ஆகி, கடைசியில வார்னிஷ் பூசின மாதிரிக் காஞ்சிடும். காபரேற்றர் கிண்ணத்துக்குள்ள கிடக்கிறது நாலஞ்சு கரண்டி பெற்றோல்தான், அதுக்கு வெளிக் காத்தும் படும், அதால டேங்குக்கு முதல் அதுதான் பழுதாகும். வெளியால ஸ்பிறே அடிச்சா அது உள்ள போகாது. ஜெற்றைக் கழட்டத்தான் வேணும்.

முதல்ல ஒண்டு செய்யுங்க. பெற்றோல் டெப்ப மூடிப்போட்டு, காபரேற்றர் கிண்ணத்துக்கு அடியில இருக்கிற, பெற்றோல வடிய விடுற ஸ்க்ரூவக் கழட்டி உள்ள இருக்கிறத ஒரு கண்ணாடிப் போத்தல்ல பிடியுங்க. 10 நிமிசம் வெளிச்சத்தில வச்சுப் பாத்து என்ன தெரியுது எண்டு இங்க எழுதுங்க. வீட்டுக்குள்ள, குசினிப் பக்கம், சாமி விளக்குக் கிட்ட வச்சுச் செய்யக் கூடாது. பெற்றோல் ஆவி நிலத்தோட ஊர்ந்து போகும், உங்களுக்குத் தெரியாமலே விளக்கத் தேடிப் போயிடும்.

அந்தப் பழைய பெற்றோல் விசயம். அப்பா ரெண்டு நாள் நிண்டு அடிச்சது எண்டு எழுதினீங்க. நானும் அந்தக் கியூவில நிண்டவன், சீனக்குடாவில 99 எண்ணெய்த் தாங்கி நிக்கிற ஊரில வெயிலுக்குள்ள போத்தல் தண்ணியோட நிண்டம், அதின்ர அருமை எனக்குத் தெரியும். ஆனா அது இப்ப பெற்றோல் இல்ல. அந்த எஞ்சின் பிழைக்க வேணும் எண்டா அதை எடுக்கத்தான் வேணும். புதுசு கலந்தா பழசு புதுசாகாது, டேங்குக்கு அடியில படிஞ்சு கிடந்த பிசினையும் கரைச்சுக் கொண்டுவந்து ஜெற்றுக்குள்ள விடும்.


செம்பருத்தி_திருமலை:

மிச்சம் நன்றி அண்ணா. தம்பி இல்ல, தங்கச்சி எண்டு சொல்லுங்க.

நீங்க சொன்ன மாதிரி முற்றத்தில வச்சு கிண்ணத்தில இருந்து ஜாம் போத்தல்ல பிடிச்சன். நிறம் வெறும் தேத்தண்ணி மாதிரி. மணம் பெற்றோல் மணம் இல்ல, பழைய வார்னிஷ் டப்பாவத் திறந்த மாதிரி மூக்கில அடிக்குது. கொஞ்ச நேரம் வச்சுப் பாக்க அடியில கண்ணாடி மாதிரி உருண்டு உருண்டு தண்ணி நிக்குது, போத்தலச் சரிச்சா அது தனிய ஓடுது, அதுக்குள்ள மண் நிறத்தில தூள். அது துருதானே? டேங்கின்ர மூடியத் திறந்து டோர்ச் அடிச்சுப் பாத்தன், பெற்றோல் நிண்ட உயரத்துக்கு மேலதான் செம்மண் நிறமா இருக்கு, கீழ வெள்ளையாத் தெரியுது.

அப்பாட்ட போத்தலக் காட்டினன். வாங்கி மணந்து பாத்தார். கொஞ்ச நேரம் ஒண்டும் கதைக்கேல்ல, பிறகு தலைய ஆட்டினார். அப்ப ஊத்துறம். எங்க ஊத்துறது எண்டுதான் கேக்க வேணும், இஞ்ச எல்லாம் மணல் தரை.


ஓர்ஸ்ஹில்_ஸ்பானர்:

தங்கச்சி, மன்னிக்க வேணும், கவனிக்கேல்ல.

மணலில ஊத்தவே கூடாது. உப்புவெளி மணலில ஊத்தினா நேர கிணத்துத் தண்ணிக்குத்தான் போகும், உங்கட கிணறு மட்டும் இல்ல, பக்கத்து வீட்டுக் கிணறும். மூடி இறுக்கமான கான் ஒண்டில எடுத்து ஏதாவது கராஜுக்குக் குடுங்க, சங்கிலியும் கியர்ச் சாமானும் கழுவ அவங்களுக்கு உதவும். வாய் வச்சு உறிஞ்சி எடுக்காதீங்க. டெப்பில இருக்கிற குழாயக் கழட்டிக் கானுக்குள்ள விட்டாப் போதும், தானா இறங்கும். அப்பிடி இறங்கேக்க கவனியுங்க, தண்ணி பைப் மாதிரி ஒரே சீரா வர வேணும். நூல் மாதிரி வந்தா டெப்புக்குள்ள இருக்கிற சின்ன வலை அடைச்சிருக்கு.


கடலோரம்_25:

தங்கச்சி நான் மோட்டசைக்கிள் திருத்துற ஆள் இல்ல, தொழில் கடல். ஆனா உங்கட கதையும் எங்கட கதையும் ஒண்டுதான், எங்கட வெளியிணைப்பு எஞ்சினிலயும் காபரேற்றர்தான் கிடக்கு, வாடைக் காத்து எழும்பிக் கடல் கொந்தளிச்சா போட்ட கரையில ஏத்தி வச்சிடுவம், மாசக் கணக்கில நிக்கும், பிறகு இறக்கேக்க இதே வருத்தம். சோக் போட்டா ஓடும், எடுத்தா நிக்கும்.

ரெண்டு விசயம் சொல்லுறன். ஜெற் ஓட்டைய இரும்புக் கம்பியால, ஊசியால, குண்டூசியால குத்திப்போடாதீங்க. ஜெற் பித்தளை, இரும்பு அதைச் சுரண்டி ஓட்டையப் பெருப்பிச்சிடும், பிறகு பெற்றோல் கூடி ஓடும், திரும்பச் சரிப்படுத்த ஏலாது. நாங்க மீன்பிடிக்கிற தங்கூசிதான் பாவிக்கிறது. ஆக மெல்லிசான தங்கூசி நூல ஒரு சாண் வெட்டி, நுனியச் சரிவா வெட்டி, மெதுவா உருட்டி உருட்டி விட வேணும். அது போகாட்டி கரண்ட் வயருக்குள்ள இருக்கிற செம்புத் தும்பு ஒண்ட உருவி எடுங்க, செம்பு பித்தளையவிட மெதுவானது, காயம் போடாது. முதல்ல ஜெற்ற ஒரு இரவு காபரேற்றர் கிளீனருக்குள்ள ஊறப் போடுங்க. ஊறாம குத்தினா உள்ள இருக்கிற பிசின் ஒரு பக்கம் ஒதுங்கி நிக்குமே ஒழிய வெளியில வராது. பிறகு வெளிச்சத்துக்கு நேர பிடிச்சுப் பாருங்க, வட்டமா முழு ஓட்டை தெரிய வேணும், பிறை மாதிரித் தெரிஞ்சா இன்னும் ஊற விடுங்க.

மற்றது, கிண்ணத்துக்குள்ள தண்ணி நிண்டது எண்டீங்க. கிண்ணத்தின்ர அடியில வெள்ளை மா மாதிரி ஏதும் படிஞ்சிருக்கா பாருங்க. அது அலுமினியம் அரிக்கிறது. கடற்கரை ஊரில உப்புக் காத்துக்கு அது கெதியா வரும். பழைய பல் துலக்குற பிரஷால துலக்கி எடுங்க, மண்தாள் போடாதீங்க. பிளக் வயர், எர்த் வயர் பூட்டியிருக்கிற இடமும் பாருங்க, பச்சை பூத்திருந்தா கழட்டித் துடைச்சுப் பூட்டுங்க.


கிண்ணியா_பாலம்:

அஸ்ஸலாமு அலைக்கும், தங்கச்சிக்கு வணக்கம். எங்கட வாப்பாட பைக்கும் ஒரு தரம் ரெண்டு வருசம் நிண்டு இதே மாதிரித்தான் இரிந்திச்சு. காபரேற்றர் எல்லாம் பளபளண்டு கழுவிப் பூட்டியும் சரிவரல்ல. கடைசில பாத்தா எயார் ஃபில்டர் பொக்ஸுக்குக் காத்துப் போற வாயில குளவி மண்கூடு கட்டி வச்சிரிக்கி. உங்கடதில காத்துக் கூடித்தான் பிரச்சினை, அதால அது இல்ல, ஆனாலும் பொக்ஸத் திறந்து பாருங்க, பழைய ஃபில்டர் தொட்டா உதிரும், உதிர்ந்தது எஞ்சினுக்குள்ள போயிடும். சைலன்சர் வாயையும் பாருங்க. எலி கூடு கட்டின பைக்கும் கண்டிரிக்கன்.

நான் சொல்ல வந்தது டேங்க். அத விட்டுப்போட்டு காபரேற்றர மட்டும் கழுவினா ஒரு கிழமையால திரும்பவும் கழுவுவீங்க. பெற்றோல் நிண்ட உயரத்துக்கு மேல துரு எண்டு எழுதினீங்க, அது சரிதான், அரை டேங்க் வெறுமையா இருந்தா இரவுக் குளிருக்கு உள்ளுக்க இருக்கிற காத்து வேர்க்கும், அந்தத் தண்ணிதான் கிண்ணத்தில கண்டது. டேங்கக் கழட்டி, டெப்பக் கழட்டி, அந்த ஓட்டைய இறுக்கி அடைச்சு, வினாகிரி நிரப்பி ஒரு நாள் வைங்க. இடைக்கிட குலுக்குங்க. ஊத்தேக்க கறுத்த தண்ணியா வரும், பயப்படாதீங்க. பிறகு நல்ல தண்ணியால நாலஞ்சு தரம் கழுவி, அப்பச் சோடா கரைச்ச தண்ணியால ஒரு தரம் கழுவி, திரும்பத் தண்ணியால கழுவி வெயில்ல காய வைங்க. புளிப்பு மிஞ்சினா திரும்பத் துரு பிடிக்கும், அதுக்குத்தான் சோடா. காஞ்ச உடன சுணங்காம கொஞ்சம் பெற்றோல்ல ஒரு மூடி எஞ்சின் ஒயில் கலந்து உள்ள விட்டுச் சுழட்டி எல்லாப் பக்கமும் படவிட்டு வெளிய எடுங்க. ஒரு இரவு வெறும் டேங்க வச்சீங்க எண்டா காலைல செந்தூள் திரும்ப வந்திரிக்கும், எனக்கு அப்பிடித்தான் ஆகின, ரெண்டாந்தரம் முழுதும் செய்ய வேண்டி வந்திச்சு.

டேங்குக்கும் காபரேற்றருக்கும் நடுவில உள்ள தெரியிற சின்ன பிளாஸ்ரிக் பில்டர் ஒண்டு போடுங்க. விலை பெருசில்ல. 


ஓர்ஸ்ஹில்_ஸ்பானர்:

கிண்ணியாத் தம்பி சொன்னது எல்லாம் சரி, டேங்க் முதல், காபரேற்றர் பிறகு. கடல் தம்பியின்ர தங்கூசியும் நல்ல விசயம், நான் செம்புத் தும்புதான் பாவிக்கிறது.

தங்கச்சி, கழட்டேக்க ரெண்டு இடத்தில கவனம். ஒண்டு, பக்கத்தில இருக்கிற மிக்ஸர் ஸ்க்ரூ, ஸ்லோவில பெற்றோலும் காத்தும் கலக்கிற அளவை வைக்கிறது. கழட்ட முதல் மெதுவா உள்பக்கம் திருப்புங்க, எத்தினை சுத்தில போய் முட்டுது எண்டு எண்ணி எழுதி வைங்க, ஒண்டரை, ஒண்டே முக்கால், எது வந்தாலும். முட்டின உடன நிப்பாட்ட வேணும், இறுக்கினா அதின்ர ஊசி நுனி நெளிஞ்சிடும். அதோட ஒரு ஸ்ப்ரிங், ஒரு தட்டையான வொஷர், கடுகு மாதிரி ஒரு ஓ-ரிங் வரும், வெள்ளைத் துணி விரிச்சு அதுக்கு மேல வச்சுக் கழட்டுங்க, மணலில விழுந்தா கண்டுபிடிக்க ஏலாது. ரெண்டாவது, றப்பர் சாமான் ஒண்டையும் கிளீனருக்குள்ள போடாதீங்க. ஊதிப் பெருத்திடும். பித்தளையும் அலுமினியமும் மட்டும்.

ஜெற் துப்புரவானாப் போதாது, காபரேற்றர் உடம்புக்குள்ள இருக்கிற பாதையும் திறக்க வேணும். பைலட் ஜெற் கழட்டின ஓட்டைக்குள்ள கிளீனர் குழாய வச்சு அடியுங்க, எஞ்சின் பக்கத்து வாயுக்குள்ள சிலைடுக்குக் கிட்ட ஊசிமுனை அளவு ஓட்டை இருக்கு, அதால பீச்சிக்கொண்டு வர வேணும். கண்ணுக்குக் கண்ணாடி போடுங்க, அது எந்தப் பக்கத்தால வரும் எண்டு சொல்ல ஏலாது.


செம்பருத்தி_திருமலை:

ஞாயிறு முழு நாளும் இதுதான் வேலை. வெள்ளிக்கிழமை பின்னேரமே டேங்குக்கு வினாகிரி விட்டிட்டன், சனி காலைல வேலையா வெளிய போக வேண்டி வந்ததால பின்னேரம்தான் கழுவினன், கிண்ணியா நானா சொன்ன மாதிரிக் கறுத்த தண்ணி வந்தது, நாலாம் தரம்தான் தெளிஞ்சுது. ஜெற் ரெண்டும் சனி இரவு ஊறினது.

பைலட் ஜெற்ற முதல்ல கழட்டின உடன வெயிலுக்குப் பிடிச்சுப் பாத்தன், ஒண்டும் தெரியேல்ல, முழு இருட்டு. அரிசி மணிய விடக் கொஞ்சம் நீளமான சாமான், அதுக்குள்ள பச்சை நிறத்தில மெழுகு மாதிரி ஏதோ. இந்தச் சின்னச் சாமானுக்காகத்தான் காபரேற்றரையே எறியச் சொன்னாங்க எண்டு நினைக்கக் கோவம் வந்தது. ஊறி எடுத்தும் பாதிதான் தெரிஞ்சுது, கடல் அண்ணா சொன்ன அதே பிறை. தங்கூசி போகேல்ல, செம்புத் தும்பு போனது, உருட்டி உருட்டி விட பச்சைப் புழு மாதிரி ஒண்டு மற்றப் பக்கத்தால வெளிய வந்தது. திரும்பப் பிடிச்சன், வட்டமா வானம் தெரிஞ்சுது. அம்மாவக் கூப்பிட்டுக் காட்டினன்.

மிக்ஸர் ஸ்க்ரூ ஒண்டரைச் சுத்து இருந்தது. கிண்ணத்தின்ர அடியில வெள்ளை மா இருந்தது, துலக்கினன், கீழ கொஞ்சம் குழி விழுந்திருக்கு, ஆனா ஒழுகேல்ல.

பூட்டி, புதுப் பெற்றோல் விட்டு, ரெண்டாம் உதையில வந்தது! சோக் எடுத்தும் நிக்கேல்ல. ஆனா ஒரு குறை. முறுக்கி விட்டா எஞ்சின் சத்தம் உடன இறங்குதில்ல, மேலயே நிண்டு, ஒரு அஞ்சு செக்கனால மெதுவா இறங்குது, சில நேரம் இறங்கி நிண்டும்போகுது. இது என்ன அண்ணா?


ஓர்ஸ்ஹில்_ஸ்பானர்:

அருமை தங்கச்சி. மிச்சம் இருக்கிறது சின்ன வேலை.

முதல்ல எக்சலேற்றர் கேபிளப் பாருங்க. 3 வருசம் நிண்டதில உள்ள துரு பிடிச்சிருந்தா விட்டாலும் இறுகி நிக்கும். எஞ்சின் நிப்பாட்டிப்போட்டு முறுக்கி விடுங்க, டக் எண்டு சத்தத்தோட திரும்பி வர வேணும். வந்தா கேபிளில பிழை இல்ல, எங்கயோ களவாக் காத்து உறிஞ்சுது. காபரேற்றருக்கும் எஞ்சின் தலைக்கும் நடுவில ஒரு குழாய்த் துண்டு இருக்கு, அதின்ர ரெண்டு முகத்திலயும் ஓ-ரிங் இருக்கும். வருசக் கணக்கா நிண்டா அது தட்டையாகி வெடிச்சிடும். எஞ்சின் ஸ்லோவில ஓடேக்க சவுக்காரத் தண்ணிய அந்த மூட்டில பீச்சுங்க, சத்தம் மாறினா அதுதான் இடம். காபரேற்றர் கிளீனராலயும் பாக்கலாம், ஆனா சூடான எஞ்சின் கிட்ட அது பத்தக் கூடிய சாமான், வீட்டில செய்ற உங்களுக்குச் சவுக்காரம் போதும்.

ஓ-ரிங் மாத்தின பிறகு எஞ்சின 10 நிமிசம் ஓடி நல்லாச் சூடாக்கிப்போட்டு ஸ்லோ சரிப்படுத்துங்க. ஸ்லோவக் கொஞ்சம் ஏத்தி வச்சு, மிக்ஸர் ஸ்க்ரூவக் கால் சுத்து கால் சுத்தா ரெண்டு பக்கமும் திருப்புங்க. எந்த இடத்தில சத்தம் ஆகக் கூடி, சீரா நிக்குதோ அங்க விடுங்க. பிறகு ஸ்லோவக் குறையுங்க. இந்த எஞ்சினுக்கு 1400 சுத்துக் கிட்ட வர வேணும், மீற்றர் இல்லாட்டியும் காது பழகினா தெரியும்.

எஞ்சின் ஒயில் மாத்தினீங்களா? நீங்க எழுதேல்ல. 3 வருசம் கிடந்த ஒயிலில தண்ணி சேர்ந்திருக்கும், மாத்தாம குச்சவெளிக்குப் போகாதீங்க. ரயரும் பாருங்க, பக்கச் சுவரில மயிரிழை வெடிப்பு இருந்தா அதோட 30 கிலோமீற்றர் வேண்டாம். பிரேக் கட்டையையும் கழட்டித் துடைச்சுவிடுங்க. ஓடாத எஞ்சின் ஆளைக் கொல்லாது, பிடிக்காத பிரேக் கொல்லும்.


நிலாவெளிக்_காத்து:

தங்கச்சி நான் முதல்ல அவசரப்பட்டுச் சொல்லிப்போட்டன், நல்ல காலம் நீங்க கேக்கேல்ல. என்ட பழைய காபரேற்றர் இன்னும் வீட்டில பெட்டிக்குள்ள கிடக்கு, இந்தக் கிழமை அதக் கழட்டி ஊறப் போடப் போறன். ஒரு கேள்வி, நிண்ட பைக்குக்கு 95 பெற்றோல் அடிச்சா நல்லதா?


ஓர்ஸ்ஹில்_ஸ்பானர்:

தேவையில்ல தம்பி. ஒக்ரேன் எண்டிறது எஞ்சினுக்குள்ள நேரத்துக்கு முதல் தானா வெடிச்சு முட்டாம எரியிற தன்மை, துப்புரவாக்குற மருந்து இல்ல. இந்த 100 சிசி எஞ்சினுக்கு 92 காணும். காசு மிஞ்சினா ஒயிலுக்குப் போடுங்க.


செம்பருத்தி_திருமலை:

சவுக்காரத் தண்ணி பீச்சின உடன சத்தம் மாறினது, எஞ்சின் தலைப் பக்கத்து மூட்டு. கழட்டினா ஓ-ரிங் பிளாஸ்ரிக் மாதிரி விறைச்சுப் போய்க் கிடந்தது, நகத்தால அமத்த உடைஞ்சுது. ரெண்டும் மாத்தினன், ஒயில் மாத்தினன், பழைய ஒயில் பால் கலந்த கோப்பி மாதிரி வந்தது. பிரேக் கட்டை துடைச்சாச்சு. பின் ரயரில வெடிப்பு இருக்கு, அது திங்கள் மாத்துறம்.

ஸ்லோ வைக்கிறதுதான் எனக்கு ஏலாம இருந்தது, எது 1400 எண்டு என்ட காதுக்குத் தெரியாது. அப்பா கதிரையில இருந்து பாத்துக்கொண்டு இருந்தார். வலது கையத் தூக்கி, கீழ கீழ எண்டு காட்டினார். நான் ஸ்க்ரூவக் கொஞ்சம் கொஞ்சமாக் குறைச்சன், அவர் கை ஆடிக்கொண்டே இருந்தது, பிறகு நிண்டது. நானும் நிப்பாட்டினன். அதுதான் இப்ப இருக்கிற ஸ்லோ. சோக் இல்லாம, கத்தாம, நிக்காம ஓடுது.

செவ்வாய் காலம்பற குச்சவெளிக்கு முதல் ஓட்டம். ஒரு கிழமை ஓடினாப் பிறகு பிளக்கக் கழட்டி நிறத்தைப் பாத்து எழுதுறன், வெள்ளையா வந்தா திரும்ப வந்து கேப்பன் அண்ணா.


ஓர்ஸ்ஹில்_ஸ்பானர்:

கேளுங்க. கோதுமை மா வறுத்த நிறத்தில வந்தா ஒண்டையும் தொடாதீங்க. பாதி வழியில இழுத்து இழுத்து நிண்டா டேங்க் மூடியத் திறந்து பாருங்க, புஸ் எண்டு காத்து உள்ள போனா மூடியில இருக்கிற காத்து ஓட்டை அடைச்சிருக்கு. அப்பாக்கு என்ட வணக்கத்தைச் சொல்லுங்க.